வீட்டுக்குள் வந்த குறுஞ்சொற்கள்

உரைநடை உலகம்

நுழையும்முன்

நாள்தோறும் நாவில் புழங்கும் சொற்களின் பிறப்பை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. 'குளிர்சாதனப் பெட்டி' என்று விடைத்தாளில் எழுதும் மாணவர், வீட்டில் 'ஃபிரிட்ஜைத் திற' என்கிறார். 'தொலைக்காட்சிப் பெட்டி' என்று கட்டுரையில் எழுதுபவர், 'டிவியை நிறுத்து' என்கிறார். நீண்ட பெயர்கள் நாவில் குறுகுவது ஏன்? குறுகிய சொற்கள் எழுத்தில் எவ்வாறு அமைகின்றன? அவற்றைத் தமிழில் எழுதும்போது எழும் இடர்கள் எவை? தமிழ் இலக்கணம் இதற்கு என்ன வழி காட்டுகிறது? பழனி மலைத்தொடரில் உள்ள ஓர் ஊரின் பெயரில் தொடங்கி, இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

மலையூரின் இரு பெயர்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீண்டு நிற்கும் கிளையே பழனி மலைத்தொடர். அதன் மேற்பரப்பில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் அமைந்துள்ளது. நகராட்சியின் பெயரிலும் அரசு ஆவணங்களிலும் 'கொடைக்கானல்' என்று முதலெழுத்துக் குறிலாகவே பெரிதும் எழுதப்படுகிறது. 'கோடைக்கானல்' என்று நெடிலாக எழுதுவாரும் உளர். ஆனால், அப்பெயரைச் சுருக்கி வழங்கும்போது இந்த ஐயம் எழுவதில்லை. அங்கிருந்து ஒலிபரப்பாகும் வானொலியின் பெயர் 'கோடைப் பண்பலை'. 'கோடைக்குப் போய்வந்தோம்' என்பதே பேச்சு வழக்கு. முழுப்பெயரில் குறிலாக நிற்கும் எழுத்து, சுருங்கிய பெயரில் நெடிலாக நிற்கிறது.

இதற்குக் காரணம் தேடுவோர் சங்க இலக்கியம் வரை செல்ல வேண்டும். புறநானூற்றின் 205ஆம் பாடல், கடிய நெடுவேட்டுவன் என்னும் தலைவனைப் பெருந்தலைச் சாத்தனார் பாடியது. அத்தலைவனுக்குரிய மலையின் பெயர் 'கோடை'. இன்றைய கொடைக்கானல் மலைப்பகுதியே அக்கோடைமலை என்பது அறிஞர் கருத்து. எனவே, இன்று சுருக்கப் பெயராகத் தோன்றும் 'கோடை' முழுப்பெயரினும் பழைமையானதாக இருக்கலாம். வேனிற்காலத்தையும் மேற்கிலிருந்து வீசும் காற்றையும் குறிக்கும் சொல்லாக அது தமிழர் செவிக்கு முன்பே பழகியிருந்தது. பழகிய சொல்லின் வடிவத்தைச் சுருக்கப்பெயர் எளிதில் ஏற்றுக்கொண்டது.

அம்மலைத்தொடருக்குப் பெயர் தந்த பழனியும் திரிந்து வந்த பெயரே என்பர். அகநானூற்றில் 'பொதினி' என வழங்கப்பெறும் மலையே பின்னர்ப் பழனி என மருவியது என்பது ஆய்வாளர் கருத்து. பெயர்கள் மக்கள் நாவில் தேய்வதும் திரிவதும் இம்மலைக்குப் புதியன அல்ல.

(தெரிந்து தெளிவோம்: ஓலைச்சுவடிகளில் எகர ஒகரக் குறில்களுக்குரிய புள்ளிகளை இடாமல் எழுதும் வழக்கம் பெருகியது. அதனால் 'கொடை', 'கோடை' ஆகிய இரண்டும் ஒரே வடிவில் நின்றன. படிப்பவரே இடம் நோக்கிக் குறிலா நெடிலா என அறிய வேண்டியிருந்தது. இத்தாலியிலிருந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர் (1680–1747) ஏகார ஓகாரங்களுக்கு வேறுபட்ட வரிவடிவம் தந்து இக்குழப்பத்தை நீக்கினார்.)

சுருக்கத்தில் நுழைந்த புதிய எழுத்து

ஊர்ப்பெயரில் காணும் இந்நிகழ்வு வீட்டுப் பொருள்களின் பெயரிலும் உண்டு. அவற்றுள் 'ஃபிரிட்ஜ்' என்னும் சொல் சிறந்த சான்று. அதன் முழு வடிவம் 'ரெஃப்ரிஜிரேட்டர்'. குளிர்ச்சி எனப் பொருள்படும் இலத்தீன் அடிச்சொல்லிலிருந்து பிறந்தது. ஐந்து அசையுள்ள அச்சொல்லின் தலையும் வாலும் நீங்க, இடைப்பகுதி மட்டும் எஞ்சியது.

ஆங்கில எழுத்தமைப்பில் முழுச்சொல்லின் இடைப்பகுதியில் 'டி' என்னும் எழுத்து இல்லை. சுருங்கிய சொல்லிலோ 'டி' இடம்பெறுகிறது. இல்லாத எழுத்து எவ்வாறு வந்தது? முழுச்சொல்லில் 'ஜி' என்னும் எழுத்தை அடுத்து உயிரெழுத்து வருவதால், அது ஜகர ஒலியைத் தருகிறது. சொல் துண்டிக்கப்பட்டு 'ஜி' இறுதி எழுத்தாக நின்றால், ஆங்கில முறைப்படி அதைக் ககர ஒலியாகவே படிக்க நேரும். தொடக்கக் காலத்தில் 'டி' இன்றியும் அச்சொல் எழுதப்பட்டது. பின்னர், பாலத்தைக் குறிக்கும் 'பிரிட்ஜ்', மலைமுகட்டைக் குறிக்கும் 'ரிட்ஜ்' போன்ற சொற்களை ஒட்டி, 'டி' சேர்ந்த வடிவமே நிலைபெற்றது. படிப்பவர் நா தடுமாறாமல் இருக்கவே எழுத்துக்கூட்டல் மாறியது. ஓசையைக் காப்பதற்காக எழுத்து மாறுதல் மொழிகளில் இயல்பான நிகழ்வாகும்.

'கோடை'யில் நெடில் வந்ததும் 'ஃபிரிட்ஜில்' 'டி' வந்ததும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. சுருங்கிய சொல் முழுச்சொல்லின் துண்டாக மட்டும் நிற்பதில்லை. அது தனக்கென ஒலியும் எழுத்தும் பெற்ற தனிச்சொல்லாக வாழத் தொடங்குகிறது.

சுருங்கும் வழிகள்

வீட்டுப் பொருள்களின் பெயர்கள் பல வழிகளில் சுருங்கியுள்ளன.

அ) சொல்லின் பகுதி நீங்குதல்: 'டெலிஃபோன்' என்பது முதற்பகுதி நீங்கி 'ஃபோன்' ஆயிற்று. 'ரெஃப்ரிஜிரேட்டர்' முதலும் இறுதியும் நீங்கி 'ஃபிரிட்ஜ்' ஆயிற்று.

ஆ) பகுதி நீங்கி ஈறு சேர்தல்: 'மிக்சர்' என்பதன் இறுதி நீங்கி, இகர ஈறு சேர்ந்து 'மிக்சி' ஆயிற்று. இஃது இந்திய ஆங்கிலத்தில் வழங்கும் சொல். 1960களில் சத்திய பிரகாஷ் மாத்தூர் என்னும் பொறியாளர், இந்தியச் சமையலுக்கேற்ற வலிய மோட்டார் கொண்ட அரைக்கும் பொறியைச் 'சுமீத்' என்னும் பெயரில் உருவாக்கினார். மஞ்சளும் மிளகாயும் அரைபடும் சமையலறையில் அப்பொறி இடம்பிடித்தபோது, 'மிக்சி' என்னும் பெயரும் உடன் வந்தது.

இ) முதலெழுத்துகள் மட்டும் நிற்றல்: 'டெலிவிஷன்' என்பது 'டிவி' ஆயிற்று, 'ஏர் கண்டிஷனர்' என்பது 'ஏசி' ஆயிற்று. 'டெலிவிஷன்' என்னும் சொல்லை 1900இல் பாரிசு நகரில் நடைபெற்ற மாநாட்டில் கான்ஸ்டன்டின் பெர்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் பயன்படுத்தினார். கிரேக்க மொழியின் 'தொலை' என்னும் பொருளுள்ள சொல்லும் இலத்தீனின் 'காட்சி' என்னும் பொருளுள்ள சொல்லும் இணைந்தது அது. தமிழின் 'தொலைக்காட்சி' அவ்விரு பொருளையும் அப்படியே தருகிறது.

ஈ) தொடரில் ஒரு சொல் நீங்குதல்: 'பிரஷர் குக்கர்' என்பதில் முதற்சொல் நீங்கிக் 'குக்கர்' நின்றது. 'வெட் கிரைண்டர்' என்பதில் 'கிரைண்டர்' நின்றது. ஈரமாவு அரைக்கும் இப்பொறி தமிழ்நாட்டிலேயே பிறந்தது. 1955இல் கோயம்புத்தூரைச் சேர்ந்த ப. சபாபதி இதனை உருவாக்கினார். கோயம்புத்தூர் கிரைண்டர் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. பொருள் தமிழ் மண்ணில் பிறந்தும் பெயர் பிறமொழியில் அமைந்தது சிந்திக்கத்தக்கது.

மலைவீட்டில் மூன்று சொற்கள்

கொடைக்கானல் போன்ற குளிர்நிலப் பகுதியில் வீட்டுப் பொருள்களின் தேவை சமவெளியினின்று வேறுபடுகிறது. மதுரையில் இன்றியமையாத மின்விசிறி அங்குப் பெரிதும் வேண்டப்படுவதில்லை. அங்கே முதன்மை பெறும் மூன்று பொருள்களின் பெயர்களை மட்டும் இங்குக் காண்போம்.

முதலாவது குக்கர். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறையும்போது நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கிறது. கடற்கரையில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர், கொடைக்கானலில் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பானையில் அரிசியும் பருப்பும் வேக நெடுநேரம் ஆகும். மூடிய கலத்தில் ஆவியைத் தேக்கி அழுத்தத்தை உயர்த்தினால், நீரின் கொதிநிலையும் உயரும். இக்கருத்தில் அமைந்த கலத்தை 1679இல் டெனி பாப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர் உருவாக்கினார். இக்கலத்தின் சிறப்பே அழுத்தம்தான். ஆனால், பெயர் சுருங்கியபோது அழுத்தத்தைக் குறிக்கும் சொல்லே உதிர்ந்தது. 'சமைப்பது' என்னும் பொதுப்பொருளுடைய 'குக்கர்' எஞ்சியது. இங்கிலாந்தில் 'குக்கர்' என்று தனித்துக் கூறினால் அடுப்பையே குறிக்கும். சுருங்கிய சொல்லின் பொருளை அது வழங்கும் இடமே முடிவு செய்கிறது என்பதற்கு இது சான்று.

இரண்டாவது கீசர். வெந்நீர் தரும் இக்கருவியின் பெயர் ஐசுலாந்து நாட்டிலிருந்து வந்தது. அந்நாட்டில் நிலத்திலிருந்து வெந்நீரைப் பீய்ச்சியடிக்கும் ஊற்று ஒன்றின் பெயர் 'கெய்சிர்'. பொங்கிப் பாய்தல் என்னும் பொருளுடைய வினையடியில் பிறந்தது அது. காலப்போக்கில் அத்தகைய ஊற்றுகள் அனைத்துக்கும் அதுவே பொதுப்பெயர் ஆயிற்று. 1868இல் இலண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மாகன் தாம் உருவாக்கிய வெந்நீர்க் கருவிக்கு அப்பெயரைச் சூட்டினார். ஓர் ஊற்றின் இயற்பெயர் பொதுப்பெயராகிப் பின் கருவிப் பெயராகி, மலைவீட்டுக் குளியலறை வரை வந்துள்ளது.

மூன்றாவது பல்பு. 'எலெக்ட்ரிக் பல்பு' என்னும் தொடரின் எஞ்சிய பகுதி இது. இதன் மூலம், கிரேக்கத்தில் வெங்காயம் போன்ற குமிழ்வடிவக் கிழங்கைக் குறித்த சொல். கண்ணாடிக் குமிழின் வடிவம் அக்கிழங்கை ஒத்திருந்ததால் அப்பெயர் பெற்றது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டும் அவ்வகைக் குமிழ்வடிவமுடையதே. அடுக்களையில் தொங்கும் பூண்டுக்கும் அதற்கு ஒளி தரும் விளக்குக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் பொருந்துவது வியப்பளிக்கிறது.

தமிழ் மரபில் சொற்சுருக்கம்

சொற்கள் சுருங்குவதைப் பிழை எனத் தமிழ் இலக்கணம் ஒதுக்கவில்லை. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், சொல் வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாகப் பகுக்கிறது. இயல்பு வழக்கின் மூன்று வகைகளுள் மரூஉ ஒன்று. இலக்கண நெறியினின்று சிதைந்தும் சுருங்கியும் வழங்கினும், சான்றோரால் ஏற்றுக்கொள்ளப்பட்ட சொல்லே மரூஉ. பொழுது 'போது' ஆனதும், யாவர் 'யார்' ஆனதும் இவ்வாறே. தஞ்சாவூர் தஞ்சை எனவும், கோயம்புத்தூர் கோவை எனவும், திருநெல்வேலி நெல்லை எனவும், புதுச்சேரி புதுவை எனவும் வழங்குவதை அறிவோம்.

செய்யுளில் ஒரு சொல்லின் முதல், இடை, கடை ஆகிய மூவிடத்தும் எழுத்துக் குறைவதையும் இலக்கணம் வகுத்துள்ளது. தாமரை 'மரை' என வருவது முதற்குறை. ஓந்தி 'ஓதி' என வருவது இடைக்குறை. நீலம் 'நீல்' என வருவது கடைக்குறை. 'டெலிஃபோன்' 'ஃபோன்' ஆனதை முதற்குறையோடு ஒப்பிட்டு நோக்கலாம்.

மேற்கூறிய ஊர்ப்பெயர்கள் அனைத்தும் ஐகாரத்தில் முடிகின்றன. தமிழ் நா, ஊர்ப்பெயரைச் சுருக்கும்போது பெரிதும் ஐகார ஈற்றை நாடுகிறது. ஆங்கில நாவோ சுருக்கிய சொல்லின் இறுதியில் இகர ஓசையைச் சேர்க்கிறது. இவ்விரு போக்கும் ஒரே ஊரின் பெயரில் அமைந்திருப்பதைக் காணலாம். உதகமண்டலத்தை ஆங்கிலேயர் 'ஊட்டி' எனச் சுருக்கினர். தமிழர் 'உதகை' எனச் சுருக்கினர். 'மிக்சி'யின் ஈறும் 'ஊட்டி'யின் ஈறும் ஒரே வகையின. இங்கிலாந்து மக்கள் தொலைக்காட்சியைப் பேச்சு வழக்கில் 'டெலி' என்பதும் இவ்வகையே. 'கோடை'யோ ஐகார ஈற்றால் கோவை, நெல்லை ஆகியவற்றின் வரிசையில் இயல்பாகப் பொருந்துகிறது.

தமிழில் எழுதும் முறை

பிறமொழிச் சொற்களைத் தமிழில் எழுதும்போது, அம்மொழிக்கே உரிய எழுத்துகளை நீக்கித் தமிழ் எழுத்துகளால் அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது தொல்காப்பியர் காட்டிய நெறி. அவர் வடசொற்களுக்குக் கூறிய அந்நெறியை இன்று பிறமொழிச் சொற்கள் அனைத்துக்கும் கொள்கிறோம். இந்நெறியை உரைகல்லாகக் கொண்டு வீட்டுச் சொற்களை ஆராயலாம்.

மொழி முதல்: ட, ர, ல ஆகிய எழுத்துகளும் மெய்யெழுத்துகளும் தமிழ்ச் சொல்லின் முதலில் வாரா. எனவே 'டிவி', 'ரேடியோ' ஆகியவை தோற்றத்திலேயே பிறமொழிச் சொற்கள் எனப் புலப்படும். 'குக்கர்', 'கீசர்' ஆகியவை தமிழ்ச் சொல் போலவே தொடங்கி, ரகர மெய்யில் முடிகின்றன.

மெய்ம்மயக்கம்: க், ச், த், ப் ஆகிய மெய்கள் தம்மோடு மட்டுமே மயங்கும், பிற மெய்களோடு மயங்குவதில்லை. 'பக்கம்', 'அச்சம்' என வரும். ககர மெய்யை அடுத்துச் சகரம் வருவதால் 'மிக்சி' இவ்விதிக்குப் பொருந்தாது. டகர மெய்யை அடுத்துச் சகரம் வரலாம் ('ஆட்சி'). ஆகவே 'சுவிட்சு' என எழுதினால் மயக்கவிதிக்குப் பொருந்தும்.

மொழி இறுதி: வல்லின மெய்கள் சொல்லின் இறுதியில் நில்லா. அவற்றோடு உகரம் சேர்ந்தே வரும். 'பல்ப்' என்று எழுதாமல் 'பல்பு' என்று எழுதுவதன் காரணம் இதுவே. 'இயல்பு' என்னும் தமிழ்ச்சொல்லைப் போன்றே 'பல்பு'ம் இடைத்தொடர்க் குற்றியலுகரமாக அமைகிறது. 'கரண்ட்' என்பதைக் 'கரண்டு' என எழுதினால் அது 'வண்டு' போல மென்தொடர்க் குற்றியலுகரம் ஆகும். இலக்கணம் கல்லாதாரும் பேச்சில் 'பல்பு', 'கரண்டு' என்றே ஒலிக்கின்றனர். நூல்கள் வகுத்த விதி மக்கள் நாவில் உயிரோடு இருப்பதை இது காட்டுகிறது.

ஆய்தம்: தனிக்குறிலுக்குப் பின்னும் வல்லின உயிர்மெய்க்கு முன்னும் வருவதே ஆய்தத்தின் மரபு ('அஃது', 'எஃகு'). ஆங்கிலத்தின் இதழ்பல் ஒலியைக் குறிக்கப் பகரத்தின் முன் ஆய்தம் இடுவது இக்கால வழக்கு. மரபு நோக்கின் சொல் முதலில் ஆய்தம் வருதல் கூடாது. ஆய்தத்தை நீக்கி எழுதினால் வேறோர் இடர் எழுகிறது. 'ஃபேன்' என்பது 'பேன்' ஆகிவிடும். 'இங்குப் பேன் பழுது பார்க்கப்படும்' என ஒரு கடைப்பலகை இருந்தால், படிப்பவர் நகைப்பர். 'ஃபிரிட்ஜ்' ஆய்தம் இழந்து 'பிரிட்ஜ்' ஆனால், பெட்டியா பாலமா என்னும் ஐயம் பிறக்கும். மரபைக் காத்தால் பொருள் மயங்குகிறது. பொருளைக் காத்தால் மரபு மீறப்படுகிறது. இந்நிலையில் தமிழ்ச்சொல்லை நாடுவதே இரண்டையும் காக்கும் வழி. 'மின்விசிறி' என்று எழுதுவோர்க்கு இவ்விடர் இல்லை.

(தெரிந்து தெளிவோம்: மின்விசிறியைக் குறிக்கும் 'ஃபேன்' என்னும் சொல்லின் மூலம், இலத்தீனில் தானியம் தூற்றும் முறத்தைக் குறித்த சொல். முறத்தின் வீச்சில் எழுந்த காற்றே அச்சொல்லை விசிறிக்கும் உரியதாக்கியது.)

நாவில் நிற்கும் தமிழ்ச்சொற்கள்

தமிழ்நாடு அரசு 2011இல் குடும்பங்களுக்கு விலையில்லாமல் மூன்று வீட்டுப் பொருள்களை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தின் பெயரில் இடம்பெற்ற சொற்கள் 'மின்விசிறி, மிக்சி, கிரைண்டர்' என்பன. ஒரே தொடரில் ஒன்றன் பெயர் தமிழாகவும் ஏனைய இரண்டின் பெயர்கள் பிறமொழியாகவும் நின்றன. இவ்வேறுபாடு எதனால் நேர்ந்தது?

'விசிறி' என்னும் சொல் பனையோலை விசிறியின் காலத்திலிருந்தே வீட்டில் புழங்கியது. அதன்முன் 'மின்' என்னும் குறுஞ்சொல் சேர்ந்ததும் புதிய கருவிக்குப் பெயர் கிடைத்தது. 'மின்சாரத்தால் இயங்கும் விசிறி' என்னும் தொடரில் 'ஆல்' உருபும் 'இயங்கும்' என்னும் பயனும் மறைந்து, 'மின்விசிறி' என உருபும் பயனும் உடன்தொக்க தொகையாயிற்று. தொகை என்பதே சுருக்கம்தான். தமிழ் தன் இயல்பிலேயே நீண்ட தொடரைச் சுருக்கிச் சொல்லாக்கும் ஆற்றல் பெற்றுள்ளது.

அரைக்கும் கருவிக்கும் தமிழில் 'அம்மி', 'ஆட்டுக்கல்' என்னும் பழஞ்சொற்கள் இருந்தன. ஆனால், புதிய கருவிக்கு 'அரவை இயந்திரம்' போன்ற நீண்ட சொற்கள் வழங்கப்பட்டன. அவசரமான காலைப்பொழுதில் சட்னி அரைப்பவரின் நாவுக்கு அவை எட்டவில்லை. ஈரசைச் சொல்லான 'மிக்சி' வென்றது. 'மின்' என்பதோடு 'அம்மி' சேர்ந்தால் 'மின்னம்மி' ஆகும். தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வரும்போது இரட்டிக்கும் என்னும் புணர்ச்சி விதி இதற்குத் துணைநிற்கிறது.

'குளிர்சாதனப் பெட்டி'யின் நிலையும் அதுவே. ஏழு அசையுள்ள அச்சொல், ஓரசையாக ஒலிக்கும் 'ஃபிரிட்ஜ்' என்பதோடு பேச்சில் போட்டியிட இயலாது. 'குளிர்பானம்' என்பதைப் போலக் 'குளிர்பெட்டி' என அமைத்தால், அது வினைத்தொகையாகும். காலங்காட்டும் உறுப்பு மறைந்து, சொல்லும் குறுகி நிற்கும். 'செல்பேசி' என்னும் சொல்லும் இவ்வாறு அமைந்ததே. 'செல்லுலார்' என்பதன் சுருக்கமான 'செல்', தமிழின் 'செல்' என்னும் வினையடியோடு ஒலியில் ஒன்றியது. செல்லுமிடமெல்லாம் பேசத் துணைநிற்பது எனத் தமிழ்ப் பொருளும் அதற்குப் பொருந்தியது.

'பண்பலை' என்னும் சொல் இம்முயற்சியின் வெற்றிக்குச் சான்று. இயற்பியலில் 'அதிர்வெண் பண்பேற்றம்' என நீண்டு வழங்கும் கலைச்சொல்லை வானொலி அறிவிப்பாளர் ஒருவர் ஒவ்வொரு மணிநேரமும் கூறுதல் எளிதன்று. 'பண்பு', 'அலை' ஆகிய இரண்டும் புணர்ந்து 'பண்பலை' ஆனதும், அது மலைக்கோபுரத்திலிருந்து சமவெளி வீடுகள் வரை பரவியது. 'கோடைப் பண்பலை' என்னும் பெயரில் உள்ள இரு சொற்களும் குறுஞ்சொற்களே, இரண்டும் தமிழே.

பிறமொழிச் சொற்கள் வீட்டுக்குள் வருவதை எம்மொழியும் தடுத்ததில்லை. ஆங்கிலமும் இலத்தீன், கிரேக்கம், ஐசுலாந்து மொழிகளிடமிருந்து கடன்பெற்றே இப்பெயர்களை அமைத்தது என்பதை மேலே கண்டோம். ஆயினும், வீட்டில் நாள்தோறும் கையாளும் பொருள்களுக்குத் தாய்மொழியில் பெயரில்லாது போனால், அடுத்த தலைமுறை அம்மொழியை ஏட்டுக்கும் தேர்வுக்கும் உரியதாக மட்டுமே கருதும். புதிய பொருளுக்குப் பெயர் அமைப்போர் பொருட்பொருத்தத்தோடு ஓசைச் சுருக்கத்தையும் கருதுதல் வேண்டும். அதற்குரிய கருவிகளான மரூஉ, தொகை, புணர்ச்சி ஆகியவற்றை இலக்கணம் வகுத்துத் தந்துள்ளது. அமைந்த சொற்களைத் தேர்வுத்தாளோடு நிறுத்தாமல், அடுக்களையிலும் கூடத்திலும் வழங்குவது மாணவர் கையில் உள்ளது.

சொல்லும் பொருளும்

மரூஉ – மருவி வழங்கும் சொல்
ஈறு – இறுதி
அடுக்களை – சமையலறை
உரைகல் – தரம் அறிய உதவுவது
மயங்குதல் – அடுத்தடுத்துச் சேர்ந்து வருதல்

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் உள்ள மின்கருவிகள் பத்தின் பெயர்களைப் பட்டியலிட்டு, அவை எவ்வழியில் சுருங்கின என வகைப்படுத்துக.
2. உங்கள் மாவட்டத்தில் மருவி வழங்கும் ஊர்ப்பெயர்களைத் திரட்டி, அவற்றின் ஈறுகளை ஒப்பிடுக.
3. 'கிரைண்டர்', 'ஏசி', 'கீசர்' ஆகியவற்றுக்கு மூன்று அசைக்கு மிகாத தமிழ்ச்சொற்களை அமைத்து, வகுப்பில் கலந்துரையாடுக.
4. வீட்டுப் பெரியோரிடம் அம்மி, ஆட்டுக்கல், உரல் ஆகியவற்றின் உறுப்புப் பெயர்களைக் கேட்டுத் தொகுக்க.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. 'பல்பு' என்னும் சொல் அமைந்துள்ள குற்றியலுகர வகை
அ) வன்தொடர் ஆ) மென்தொடர் இ) இடைத்தொடர் ஈ) உயிர்த்தொடர்

2. மெய்ம்மயக்க விதிக்குப் பொருந்தாத சொல்
அ) சுவிட்சு ஆ) மிக்சி இ) குக்கர் ஈ) பல்பு

குறுவினா

1. மரூஉ என்றால் என்ன? இரு சான்றுகள் தருக.
2. 'மின்விசிறி' – தொகைநிலைத் தொடர் வகையைக் கூறி விளக்குக.
3. 'ஊட்டி', 'உதகை' ஆகிய சுருக்கங்களின் ஈற்று வேறுபாட்டைச் சுட்டுக.

சிறுவினா

1. 'ஃபிரிட்ஜ்' என்பதன் ஆங்கில வடிவில் 'டி' என்னும் எழுத்து இடம்பெற்ற காரணத்தை விளக்குக.
2. மலைப்பகுதியில் குக்கரின் தேவையை அறிவியல் நோக்கில் எழுதுக.
3. 'ஃபேன்', 'பேன்' – தமிழில் எழுதுவதில் எழும் இடரையும் அதற்குரிய தீர்வையும் கூறுக.

நெடுவினா

1. வீட்டுப் பொருள்களின் பெயர்கள் சுருங்கும் வழிகளைத் தொகுத்துரைத்து, தமிழ் இலக்கண மரபோடு ஒப்பிடுக.
2. 'பெயர் அமைப்போர் ஓசைச் சுருக்கத்தையும் கருதுதல் வேண்டும்' – இக்கருத்தைப் பாடப்பகுதிச் சான்றுகளுடன் நிறுவுக.